குபேனா தராத ஹெல்மெட்

1

எங்கள் டாலினா ஊரில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் மூளை ஆண்டுக்கு ஒரு டாலர். ஒரு மூளைக்கும் அதே விலை, இருநூறு மூளைக்கும் அதே விலை. மொத்தமாக எடுப்பவருக்குத் தனித் தள்ளுபடி கிடையாது, அதற்குக் கீழே இறங்க இடமில்லை என்பதால்.

விளக்கிவிடுகிறேன். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு டிரெய்னரை அனுப்புகிறது. டிரெய்னர் என்றதும் எடை தூக்கச் சொல்லிக் கத்துகிற ஆளை நினைக்க வேண்டாம். அடிபட்ட ஆட்டக்காரப் பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே படித்துவிட்டு, மைதான ஓரத்தில் டேப்பும் ஐஸுமாக நிற்பவர். சம்பளம் ஆஸ்பத்திரி தலையில். ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தாக வேண்டுமே என்று பள்ளி கட்டுவது அந்த ஒரு டாலர். நான் பேரம் பேசிச் சோறு தின்ற வீட்டில் வளர்ந்தவன். ஒருவன் ஒரு டாலருக்கு ஒன்றை நீட்டினால் பொருளைப் பார்க்க மாட்டேன், அவனுடைய இன்னொரு கையைப் பார்ப்பேன். அந்தக் கையில் இருந்தது மைதான வேலி நீளத்துக்கு ஆஸ்பத்திரி பெயர் போட்ட ஒரு பேனர். பேனருக்குப் பின்னால், இந்த வட்டாரத்தில் இனிமேல் கிழியப்போகும் அத்தனை முழங்கால்களும். குறை சொல்லவில்லை. நல்ல வியாபாரம், நானாக இருந்தாலும் செய்திருப்பேன்.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அந்த வேலியோரம், நாச்சோஸ் என்கிற சீஸ் சிப்ஸ் வாங்கும் வரிசையில். எனக்கு முன்னால் நின்ற இருவர் சென்ற ஆண்டு ஆட்டம் ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பொம்பள ஹெல்மெட்ட மட்டும் குடுத்திருந்தா ஜெயிச்சிருப்போம்."

"பையனுக்கு அப்படி என்னதான் ஆச்சாம்?"

"என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. அதத்தான் சொல்றேன்."

மூன்றாவது வரியில் ஏதோ இருக்கிறது என்று என் மூக்குக்குப் பட்டது. அன்றிலிருந்து எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன். அடித்ததையும் உங்களுக்குக் காட்டுவேன். துணியைப் பிரித்துக் காட்டாமல் விற்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "வெள்ளிக்கிழமை மாலை. விளக்குகள் எரிந்ததும் டாலினாவின் இதயம் துடிக்கத் –"

நிறுத்தினேன். டாலினாவுக்கு இதயமெல்லாம் கிடையாது. ஒரு வங்கி, இரண்டு பெட்ரோல் பங்க், கொலாச்சி என்னும் இனிப்பு ரொட்டி சுடும் ஒரு பேக்கரி, அப்புறம் மைதானம். அவ்வளவுதான்.

இரண்டாம் முயற்சி: "மண்டை மோதிய சத்தம் கடைசி வரிசைவரை கேட்ட –"

பொய். பாண்டு வாசித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

சரி, நடந்தது நடந்தபடி. ரோமன் கலிண்டோ, பதினேழு வயது, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான். (டெக்சஸில் ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பதல்ல. ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடுவான், மற்றவர்கள் இடித்துச் சாய்ப்பார்கள்.) இரண்டு பேர் அவன்மேல் விழுந்தார்கள். பின்மண்டை தரையில் பட்டது. தானாகவே எழுந்தான். தன் அணிப் பக்கம் பார்த்துத்தான் நடந்து வந்தான். கூட்டம் கைதட்டியது.

எல்லைக்கோட்டருகே ஜோலீன் குபேனா நின்றிருந்தாள், எங்கள் ஒரு டாலர் டிரெய்னர். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிய கையிலிருந்தே அதை வாங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

டிரெய்னர்கள் எல்லாருக்கும் இது பழக்கம். தலையில் அடி என்று சந்தேகம் வந்தால், கேள்வி கேட்பதெல்லாம் அப்புறம், முதலில் ஹெல்மெட்டைக் கைப்பற்ற வேண்டும். ஹெல்மெட் கையில் இருக்கிற பையன், கோச் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து உள்ளே ஓடிவிடுவான். ஹெல்மெட் இல்லாதவனை நடுவர் விடமாட்டார்.

(வேறு ஒருவனுடையதை மாட்டிக்கொண்டால் என்ன என்று கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். ஒவ்வொன்றும் ஒரு மண்டைக்கு அளவெடுத்துக் காற்றடைத்தது. அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸைத் துரத்திப் பாருங்கள், தெரியும்.)

"ஹெல்மெட்டக் குடுங்க மிஸ்."

"எந்த ஹெல்மெட்?"

"உங்க கக்கத்துல இருக்கறது."

"இதுவா? இது என் பூச்சட்டிடா. ரோஜா வைக்கப் போறேன்."

ரோமன் சிரித்தான்.

கொஞ்சம் நில்லுங்கள். முழுக் கதையும் இந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கிண்டலடிப்பதை ஊரே அறியும். கணுக்காலுக்கு டேப் சுற்றும்போது அவள் ஒன்று சொல்வாள், சொல்லி முடிப்பதற்குள் அவன் இரண்டு சொல்வான். வேறு நாளாக இருந்தால், "அதான் உங்க வீட்டு ரோஜால என் வேர்வை நாத்தம் வருதா?" என்று கேட்டிருப்பான். அன்றைக்குச் சிரிக்க மட்டும் செய்தான். அதுவும் பக்கத்தில் நின்ற பையன் சிரித்த பிறகு, அவன் முகத்தைப் பார்த்து.

"இன்னிக்கு உனக்கு இவ்வளவுதான்," என்றாள் ஜோலீன்.

3

ஜோலீன் குபேனாவை எனக்கு முழுதாகப் பிடிக்கவில்லை. கதாநாயகியைப் பற்றி எழுதுகிறவன் சொல்லக்கூடாத விஷயம். ஆனாலும் சொல்கிறேன். ஓயாமல் சூரியகாந்தி விதை கொறித்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்புவாள். பாசாங்கு செய்யும் பையன்களின் மானத்தை எல்லார் முன்னாலும் வாங்குவாள். தான் நினைத்ததைக் கடவுளே வந்து மறுத்தாலும், அவரையும் ஐஸ் தொட்டியில் உட்கார வைத்துவிட்டுத்தான் மறுபேச்சுப் பேசுவாள்.

ஒரு வடிவத்தில் அவளை நல்லவளாக்கிப் பார்த்தேன். ஏழைப் பையன்களுக்குச் சொந்தக் காசில் –

அடித்தாயிற்று. அவள் யாருக்கும் ஒரு சூயிங்கம்கூட வாங்கிக் கொடுத்ததில்லை.

இன்னொரு வடிவத்தில் அவளுக்குச் செத்துப்போன தம்பி ஒருவனைக் கொடுத்தேன். இதே மைதானத்தில், இதே மாதிரி தலையில் அடிபட்டு. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அதனால்தான் சந்தேகம் வந்தது. ஒரு பெண் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால், ஏன் செய்கிறாள் என்று காட்ட ஒரு பிணம் வேண்டுமா? பிளம்பர் குழாயைச் சரியாக மாட்டினால் அவன் குடும்பத்தில் யார் நீரில் மூழ்கிச் செத்தார்கள் என்று விசாரிக்கிறோமா? தம்பியை அடித்துவிட்டேன். ஜோலீனுக்கு ஓர் அக்கா உண்டு. உயிரோடிருக்கிறாள், இன்ஷூரன்ஸ் விற்கிறாள்.

4

இனிமேல்தான் எங்கள் ஊர்ப் பையன்களின் கெட்டிக்காரத்தனம் வருகிறது.

ஒவ்வோர் ஆகஸ்டிலும், ஆட்டங்கள் தொடங்கும் முன், பையன்களைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து ஒரு சோதனை நடக்கும். சொற்களை நினைவு வைத்துக்கொள், வடிவம் மாறினால் பொத்தானை அழுத்து, இப்படி. அது நல்ல மண்டையின் மதிப்பெண். நடுவில் எவனுக்காவது தலையில் அடிபட்டால் மறுபடி அதே சோதனை. பழைய மதிப்பெண்ணை எட்டிவிட்டால் மண்டை ஆறிவிட்டது என்று கணக்கு.

மூத்த பையன்கள் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம்: ஆகஸ்டில் முட்டாளாக இரு.

"தூங்கி வழிஞ்சுகிட்டே அழுத்துங்கடா. இப்ப மார்க்கு வாங்கினீங்கன்னா அப்புறம் உக்கார வெச்சிருவாங்க."

எனக்கு இது புதிதில்லை. மாடு வாங்கப் போகிறவன் கிழிந்த சட்டை போட்டுக்கொண்டு போவான், விலையைக் குறைத்துச் சொல்லட்டும் என்று. பையன்களும் கிழிந்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரே வித்தியாசம், இங்கே அவர்கள் ஏமாற்றியது அவர்கள் தலையைத்தான்.

ரோமன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. ஆகஸ்டில் ஊரிலேயே பெரிய முட்டாளாகத் தேர்வானான். அடிபட்டு இரண்டாவது வாரம், புதன்கிழமை, மறுசோதனைக்கு உட்கார்ந்தபோது தன் முழு பலத்தையும் திரட்டி எழுதினான். மதிப்பெண் பழையதைவிட ஏறியிருந்தது.

வெள்ளிக்கிழமை பிளே-ஆஃப். தோற்றால் ஆண்டு முடிந்தது. மறுசோதனை முடிந்த கையோடு டிரெய்னிங் அறையில் கோச் ப்ருவிட்டும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டர் லிண்ட்மனும், ஜோலீனும்.

"பாத்தியா ஜோலீன்?" என்றார் கோச். "இடி வாங்கினதுல புத்தி வந்திருச்சு. மத்த பயலுகளையும் ரெண்டு தட்டு தட்டச் சொல்லட்டுமா?"

"ஆகஸ்ட்ல அவன் ஏமாத்தினான் கோச். எல்லாப் பயலும் ஏமாத்தறான். உங்களுக்கும் தெரியும்."

"எனக்கென்ன தெரியும். எனக்குப் பந்து தெரியும்."

டாக்டர் தன்மையான மனிதர். "தலைவலி இல்லைங்கறான். வெளிச்சம் கூசலைங்கறான். ஓட வெச்சுப் பாத்தாச்சு, நல்லாத்தான் ஓடறான். மார்க்கும் ஏறியிருக்கு. நான் எதை வெச்சு அவனை நிறுத்தறது?"

"சிரிப்பு லேட்டா வருது டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை நான் எப்படிம்மா எழுதறது?"

"எழுத வேண்டாம். குபேனா ஒத்துக்கலைன்னு எழுதுங்க."

தலையில் அடிபட்டவன் திரும்ப ஆட மூன்று பேர் சம்மதிக்க வேண்டும் என்பது எங்கள் பள்ளி விதி. டாக்டர், பெற்றவர், டிரெய்னர்.

"என் சம்மதத்தக் குடுத்துர்றேன்," என்றார் லிண்ட்மன். "நீ பிடிச்சு வெக்கலாம், உனக்கு அந்த உரிமை இருக்கு. ஆனா ஆஸ்பத்திரியில கேட்டாங்கன்னா உன் பேரத்தான் சொல்லுவேன்."

"எழுத்துக்கூட்டியே சொல்லுங்க," என்றாள் ஜோலீன். "கு-பே-னா."

5

உங்களுக்கு இன்னும் அவள்மேல் நம்பிக்கை வரவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஒரு சிரிப்பு அரைக் கணம் தாமதம், அதற்காக ஒரு பையனின் ஆட்டத்தைப் பறிப்பதா?

அதனால் இந்தக் காட்சியை எழுதினேன்:

"புதன்கிழமை மதியம் ரோமன் வந்து காலை நீட்டினான். ஜோலீன் கணுக்காலுக்கு டேப் சுற்றி அனுப்பினாள். சற்று நேரத்தில் அவன் திரும்பி வந்து, சுற்றிய டேப்போடு அதே காலை நீட்டி, 'மிஸ், எனக்கு டேப் –'"

பலமான காட்சி, இல்லையா? ஜோலீன் கையில் ஆதாரம் வந்துவிடுகிறது, டாக்டரும் தலையாட்டிவிடுவார், நீங்களும் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவீர்கள். ஆனால் அது நடக்கவில்லை. நான் நுழைத்தது. தராசுத் தட்டின் அடியில் கட்டைவிரலை வைத்த கதை. எடுத்துவிட்டேன்.

அவளிடம் இருந்தது அந்த அரைக் கணம் மட்டும்தான். அடிபட்ட இரவில் ஒன்று, அடுத்த இரண்டு வாரத்தில் அங்கங்கே இன்னும் சில. அதை வைத்துக்கொண்டுதான் நின்றாள். இதற்கு மேல் என்னாலும் எதுவும் தர முடியாது.

6

வியாழன் மாலை. பள்ளிக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்துமிடம். ரோமனின் அம்மா யோலாண்டா கலிண்டோ கோழி வெட்டும் ஆலையிலிருந்து நேராக வந்திருந்தாள், ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"நாளைக்கு மேக்கேயிருந்து ஒரு காலேஜ் ஆளு வர்றாரு மிஸ். அவனப் பாக்கறதுக்குன்னே. ஆட்டம் பிடிச்சிருந்தா படிப்புச் செலவு அவங்களோடது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான்."

"இங்க இல்லன்னா உங்களுக்கு இன்னொரு ஸ்கூலு. அவனுக்கு இந்த ஒரு வெள்ளிக்கிழமதான். கோழி அறுத்து அறுத்து என் ரெண்டு மணிக்கட்டும் போயிருச்சு, பாருங்க. அவனும் அங்கயே வந்து நிக்கணுமா?"

"அடுத்த வருஷம் ஏதாவது ஜூனியர் காலேஜ்ல ஆடி –"

"அடுத்த வருஷத்த யார் பாத்தா?"

ஜோலீன் விதைத் தோலைத் துப்பினாள்.

"வீட்ல எப்படி இருக்கான்?"

"நல்லாத்தான் இருக்கான். சாப்பிடறான், தூங்கறான்."

"உங்களக் கிண்டல் பண்றானா?"

யோலாண்டா மணிக்கட்டைத் தேய்த்தாள்.

"களைப்பா இருப்பான்," என்றாள். "பரீட்ச வேற வருது."

"ம்."

"சரின்னு சொல்லிருங்க மிஸ். நான் சொல்லிட்டேன், டாக்டர் சொல்லிட்டாரு. உங்க ஒருத்தர் வார்த்ததான்."

"மாட்டேன் யோலாண்டா."

யோலாண்டா ஸ்பானிஷில் ஒன்று சொன்னாள். மொழிபெயர்க்க மாட்டேன். ஜோலீனுக்குப் புரிந்தது, அவ்வளவு போதும்.

[இந்தக் காட்சியில் யோலாண்டாவுக்கு ஜோலீன் பதில் சொல்ல ஒரு நல்ல வாக்கியம் தேடினேன். கிடைக்கவில்லை. யோலாண்டா சொன்னது எல்லாமே சரி. எதிராளி கை ஓங்கினால் எந்த வியாபாரியும் விலையில் கொஞ்சம் இறங்குவான். ஜோலீன் இறங்கவில்லை. எனக்கு அவளைப் பிடிக்க ஆரம்பித்தது இங்கேதான்.]

7

வெள்ளிக்கிழமை ஹெல்மெட்டைக் காணவில்லை. அலமாரியில் இல்லை, பஸ்ஸில் இல்லை. உதவிக் கோச்சுகள் தண்ணீர்ப் பீப்பாய்க்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தார்கள். அது ஜோலீனின் டிரக்கில் இருந்தது. சாவி அவள் சட்டைக்குள் இருந்தது. அங்கே கைவிடும் துணிச்சல் டெக்சஸில் எவனுக்கும் கிடையாது.

கோச் ப்ருவிட் மொத்தக் கூட்டமும் பார்க்க அவள் முன்னால் வந்து நின்றார்.

"கடைசியாக் கேக்கறேன். குடுக்கறியா, ஆஸ்பத்திரிக்குப் போன் போடட்டுமா?"

"போடுங்க கோச். நம்பர் பேனர்லயே இருக்கு."

ஆட்டம் தொடங்கியது. ரோமன் ஜெர்ஸியும் தொப்பியுமாக அவளருகே ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். அவன் இடத்தில் ஓடிய பையன் பாவம், ஓடியவரை நன்றாகத்தான் ஓடினான். பின்னாலிருந்து யாரோ "ஆஸ்பத்திரிக்கே போ" என்று கத்தினார்கள். யாரோ ஐஸ் கோப்பை ஒன்றை வீசினார்கள். ஜோலீன் தலைமுடியிலிருந்து ஐஸைத் தட்டிவிட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்த்தாள். பாதி ஆட்டத்தில் காலேஜ் ஆள் ஒரு நாச்சோஸ் வாங்கிக்கொண்டு தன் காருக்குப் போனார்.

டாலினா தோற்றது. நாலைந்து புள்ளிதான். நினைக்க நினைக்க எரிகிற தோல்வி.

"என் வாழ்க்கையக் கெடுத்துட்டீங்க மிஸ்," என்றான் ரோமன்.

"ம்."

"சாகறவரைக்கும் மன்னிக்க மாட்டேன்."

"சரிடா. ரொம்ப வருஷம் மன்னிக்காம இரு."

அவன் சிரிக்கவில்லை. அந்த முறை தாமதமாகக்கூட இல்லை.

8

முடிவு கேட்கிறீர்கள். கடையில் மூன்று இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

முதல் முடிவு: வெள்ளிக்கிழமை ரோமன் எப்படியோ ஹெல்மெட்டைக் கைப்பற்றி, உதவிக் கோச்சை ஏமாற்றி உள்ளே ஓடிவிடுகிறான். ஆறாத மண்டையில் இரண்டாவது அடி. எழவில்லை. பாண்டு நிற்கிறது. யோலாண்டா வேலி தாண்டி ஓடி வருகிறாள். ஜோலீன் அவன் தலையைப் பிடித்தபடி புல்லில் மண்டியிட்டிருக்கிறாள். ஊருக்கே தெரிகிறது அவள் சொன்னது சரியென்று. இதுதான் எப்போதும் விற்கிற சரக்கு. நீங்களும் அழுவீர்கள், அழுதது வீண் போகாது.

இரண்டாம் முடிவு: அவன் உள்ளே போகிறான், ஒன்றும் ஆகவில்லை, ஜெயிக்கிறார்கள், காலேஜ் ஆள் கைகுலுக்குகிறார். ஜோலீன் பிடிவாதக்காரி என்று நிரூபணம்.

மூன்றாம் முடிவு: சில ஆண்டுகள் கழித்து ரோமன் மனைவி குழந்தையோடு வந்து, "மிஸ், அன்னிக்கு நீங்க மட்டும் –"

மூன்றையும் எடுத்து உள்ளே வைக்கிறேன். பேரம் பேசாதீர்கள். இந்த ஒரு சரக்குக்குப் பேரம் கிடையாது.

ஏன் என்று சொல்கிறேன். காக்கிற வேலையில் இருப்பவர்களுக்கு இது ஒரு சாபம். அவள் சொன்னது சரி என்று உங்களுக்குக் காட்ட வேண்டுமென்றால், நான் அந்தப் பையனைத் தரையில் விழவைத்தே ஆக வேண்டும். அவன் விழாதவரை அவள் வெறும் பிடிவாதக்காரி. ஜோலீன் போன்ற ஒருத்தி தன் வேலையை மிகச் சரியாகச் செய்தால் அதன் விளைவு என்னவென்றால், வரிசையில் நின்று ஒருவன் சொல்வான்: ஒண்ணும் ஆகல. அந்த வாக்கியத்தைவிடப் பெரிய விருது அவளுக்கு யாரும் தந்துவிட முடியாது. சொன்னவனுக்கு அது தெரியாது. தெரிய வைப்பதற்காக ஒரு பதினேழு வயதுப் பையனின் மண்டையை நான் செலவழிக்க மாட்டேன்.

இப்போது ரோமன் என்ன செய்கிறான் என்பதும் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே எடைபோடுவீர்கள். நன்றாக இருந்தால் அவள் செய்தது சரி, கோழி ஆலையில் நின்றால் தப்பு. வியாழக்கிழமை மாலை அவளுக்கு இந்த இரண்டில் எதுவும் தெரியாது. தெரியாமல்தான் நின்றாள். நீங்களும் கொஞ்சம் தெரியாமல் நின்று பாருங்கள்.

9

ஆனாலும் வளர்ந்த வீடு அப்படி. நாள் முடிந்தால் இரண்டு பக்கமும் எழுதிப் பார்க்காமல் எழுந்திருக்க வராது.

போனது:
ஓர் ஆட்டம்.
காலேஜ் ஆளின் பார்வை. அவர் அப்புறம் டாலினா பக்கம் வரவே இல்லை.
ஜோலீனின் மைதானம். கோடையில் ஆஸ்பத்திரி அவளை நகரத்துக் கிளினிக்குக்கு மாற்றியது. கோல்ஃப் ஆடும் கிழவர்களின் முழங்கைக்கு ஐஸ் வைக்கிறாள்.
யோலாண்டா. மளிகைக் கடையில் ஜோலீனைப் பார்த்தால் இன்றும் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொள்கிறாள்.
நாலு வருஷத்துக் கிண்டல்.

வந்தது:
நடக்காத ஒன்று. இந்தப் பக்கத்தில் அதை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இடத்தை மட்டும் விட்டிருக்கிறேன்.

கணக்கு நேராகவில்லை. நேராக்கும் வழியும் தெரியும், பேனாவும் கையில் இருக்கிறது. செய்ய மாட்டேன்.

நிலுவை: உங்கள் பெயரில் எழுதியிருக்கிறேன்.